பைக் பேட்டரி மாற்றுவதற்கு முன்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் யாருடைய பைக் செல்ஃப் எடுக்காவிட்டாலும் காலையில் முதல் போன் எனக்குத்தான் வரும். ஆள் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஒரு தடவை சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை. முதல் தடவை படிப்பவர்கள் மேலிருந்தே வாருங்கள்.

செல்ஃப் அழுத்துனா 'டிக் டிக்'னு மட்டும் சத்தம் வருது. பேட்டரி போச்சா?

போயிருக்கலாம். ஆனால் கடைக்குக் கிளம்பாதீர்கள். அந்த 'டிக்' சத்தம் ஸ்டார்ட்டர் ரிலேயுடையது, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். ரிலேயை இழுக்கும் அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு இல்லை என்று அர்த்தம். டெர்மினல் லூசாக இருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

சீட்டைக் கழற்றி இரண்டு டெர்மினலையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறுக்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்தபின் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். எனக்கு வரும் போன்களில் சில இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மீட்டர்ல 12.4 காட்டுது. 12-க்கு மேலதானே இருக்கு, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு?

'12 வோல்ட்' என்பது கூப்பிடுகிற பெயர் மட்டும்தான். உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழுதாக ஏறிய பேட்டரி 12.6-லிருந்து 12.8 வரை காட்டும். சீல் செய்த வகை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.0 என்றால் கால்வாசி. ஆக 12.0-வை 'சரியா 12 இருக்கு' என்று நினைத்துச் சந்தோஷப்படக் கூடாது. வண்டி ஓட்டி வந்தவுடனேயும் அளக்காதீர்கள், அப்போது பொய்யான கூடுதல் காட்டும். சில மணி நேரம் நின்றபின் பாருங்கள்.

நிற்கும்போது காட்டுவதை வைத்து மட்டும் பேட்டரியை நம்பிவிட முடியாது. மீட்டர் முனைகளை டெர்மினலில் வைத்தபடியே செல்ஃபை அழுத்தச் சொல்லி எண்ணைப் பாருங்கள். சுழலும்போது 10-க்கு மேலேயே நின்றால் ஆரோக்கியம். 12.7 காட்டிய பேட்டரி அழுத்தியதும் 7-க்கு விழுந்து, விட்டதும் 12.5-க்கு ஏறி உட்காரும் கூத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது உள்ளே செத்துவிட்ட பேட்டரி. முழு சார்ஜ் ஏற்றி இன்னொரு முறை இதையே செய்து பாருங்கள். அப்போதும் 9.5-க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பேட்டரி மாத்தி எட்டு மாசம்தான் ஆச்சுண்ணா. மறுபடியும் போச்சு. மட்டமான கம்பெனியா?

கம்பெனி மேல் பழி போடுவதற்கு முன் வண்டியைச் சந்தேகப்படுங்கள். ஒழுங்கான பேட்டரி 3-லிருந்து 5 ஆண்டு வரை உழைக்கும். வெயிலும் எஞ்சின் சூடும் அதைக் குறைக்கும். எட்டே மாதத்தில் போகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. புதுப் பேட்டரி மாட்டினால் அதையும் கொல்லும்.

எப்படியாவது வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரைப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் திருகிப் பிடித்துக்கொண்டு பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லையா? சார்ஜே ஏறவில்லை: காயில் (எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தருவது), ரெகுலேட்டர் (அந்த வோல்ட்டை அளவோடு வைப்பது), அல்லது இரண்டுக்கும் நடுவில் உருகிப்போன பிளாஸ்டிக் கனெக்டர். அந்தக் கனெக்டரை முதலில் பாருங்கள், மஞ்சளாகக் கருகியிருக்கும். 15-ஐத் தாண்டுகிறதா? ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் உப்பிப்போன பேட்டரிக்கு வழக்கமான காரணம் இதுதான்.

வோல்ட் குறையாமலும் கூடாமலும் சரியாக இருந்தால் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். தினமும் ஐந்து நிமிடம் ஓட்டி, அதற்குள் நாலு முறை செல்ஃப் அடித்தால், எடுத்த சார்ஜ் திரும்பி ஏறவே நேரம் இருக்காது.

ரெண்டு வாரம் நிறுத்தி வச்சா இறங்கிடுது. ஓட்டிக்கிட்டே இருந்தா ஒண்ணும் இல்ல. ஏன்?

சாவியை எடுத்தபின்னும் வண்டி கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும்: கடிகாரம், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி), திருட்டு அலாரம். ஓரிரு மில்லி ஆம்பியர் என்றால் பிரச்சினை இல்லை. ஜிபிஎஸ் கருவியும் அலாரமும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் கணக்கு இப்படி: ஒரு நாளுக்கு 0.48 ஆம்பியர்-ஹவர் (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-ஹவர்). 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி எட்டே நாளில் காலி. செல்ஃப் எடுக்க முடியாத நிலை அதற்கு முன்பே வந்துவிடும்.

அளக்க வேண்டுமானால் சாவியை அணைத்துவிட்டு மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். ஒரே எச்சரிக்கை: மீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். நான் இரண்டு ஃபியூஸ் இழந்தபின் கற்றுக்கொண்டது.

சரி, மாத்தியே ஆகணும்னு தெரிஞ்சிடுச்சு. கடையில என்னன்னு கேக்கணும்?

பழைய பேட்டரியின் மேல் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும்: ஒய்டிஎக்ஸ்5எல்-பிஎஸ், 12என்5-3பி என்பது மாதிரி. அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வண்டியின் கையேட்டையும் திறந்து பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் முன்னால் வைத்திருந்தவர் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். தவறான பேட்டரியின் குறியீட்டைக் காட்டி அதே தவறை மறுபடியும் வாங்கி வருவீர்கள்.

சில கம்பெனிகள் தங்கள் சொந்தக் குறியீட்டைப் போடும். அப்போது நான்கை ஒத்துப் பார்த்தால் போதும்: வோல்ட், நீள அகல உயரம், பிளஸ் இருக்கும் பக்கம், கொள்ளளவு. இந்த வரிசையில்தான் நானும் பார்ப்பேன். கொள்ளளவு கடைசியில்தான்.

அந்தக் குறியீட்டுல இருக்கற 5-தானே ஆம்பியர்?

பழைய 12என் வகையில் ஆமாம்: 12என்5 என்றால் 12 வோல்ட், 5 ஏஹெச், அதாவது 5 ஆம்பியர்-ஹவர். ஒய்டிஎக்ஸ் வகையில் அப்படி இல்லை. ஒய்டிஎக்ஸ்4எல்-பிஎஸ் 3 ஏஹெச், ஒய்டிஎக்ஸ்5எல்-பிஎஸ் 4 ஏஹெச், ஒய்டிஎக்ஸ்9-பிஎஸ் 8 ஏஹெச். '5 நம்பர் கேட்டா 4 குடுத்து ஏமாத்திட்டாங்க' என்று ஒரு நண்பர் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தார். பாவம் கடைக்காரர்.

கடைசியில் வரும் 'பிஎஸ்' என்றால் ஆசிட் தனி பாட்டிலில் வரும் என்று பொருள். நடுவில் வரும் 'எல்' அடுத்த கேள்விக்கானது.

பிளஸ் எந்தப் பக்கம் இருந்தா என்ன, ஒயரை அந்தப் பக்கம் இழுத்து மாட்டிக்கலாமே?

ஒயர் எட்டாது. அந்த இடத்தில் ஒரு விரற்கடை கூட உபரி விட்டிருக்க மாட்டார்கள். இழுத்துப் பிடித்து மாட்டினால் ஒயரின் தோல் ஃபிரேமில் உரசி உரசி ஒரு நாள் ஷார்ட் ஆகும்.

டெர்மினல்கள் உங்களைப் பார்த்தபடி பேட்டரியை வையுங்கள். குறியீட்டில் 'எல்' இருந்தால் பிளஸ் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும். 'எல்' என்றால் ஆங்கிலத்தில் 'லெஃப்ட்', அதாவது இடது என்று நினைத்துக்கொள்வார்கள், அது தலைகீழ். நானே ஒரு முறை 'எல்' இல்லாததை 'அதே சைஸ்தான்' என்று வாங்கிவந்து, பெட்டிக்குள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, கடைசியில் திரும்பக் கொண்டுபோனேன். டெர்மினலில் போல்ட் போட்ட தடம் இருக்கிறது என்று கடைக்காரர் மாற்றித்தர மறுத்தார். அவர் மேல் தப்பில்லை.

என் பேட்டரிப் பெட்டியில மேல கொஞ்சம் இடம் இருக்கு. ஒரு சைஸ் பெருசு போடலாமா? அதிக ஆம்பியர் வண்டியை எரிச்சிடும்ங்கறாங்களே?

எரிக்காது. பேட்டரி தன் ஆம்பியரை வண்டிக்குள் தள்ளுவதில்லை. செல்ஃப் மோட்டாரும் லைட்டும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். குளத்தில் தண்ணீர் கூடினால் உங்கள் குடம் பெரிதாகிவிடுமா? வோல்ட் மாறினால்தான் ஆபத்து. 6 வோல்ட் பழைய வண்டியில் 12 வோல்ட் போடுவதுதான் எரிக்கும்.

நீங்கள் சொல்லும் உயர விஷயத்துக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒய்டிஎக்ஸ்4எல், 5எல், 7எல் மூன்றுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான், சுமார் 114-க்கு 71 மில்லிமீட்டர். உயரம் மட்டும் சுமார் 85, 105, 130 என்று ஏறும். இடம் இருந்தால் 4-க்குப் பதில் 5 போடலாம். ஆனால் சீட்டின் அடித்தகடு டெர்மினலைத் தொடாமல் இருக்க வேண்டும். மேலே ஒரு உருண்டை களிமண் வைத்து, சீட்டை மூடித் திறந்து, களிமண் எவ்வளவு நசுங்கியது என்று பாருங்கள். சென்டிமீட்டர் கூட மிஞ்சவில்லை என்றால் வேண்டாம்.

சிறியதைப் பெரிய பெட்டியில் போடுவதும் சரியில்லை. ஆடும் பேட்டரிக்கு ஆயுசு கம்மி, தகடுகள் உதிரும். வேறு வழியில்லை என்றால் சுற்றிலும் கெட்டியான ரப்பர் அடைத்து, பட்டையைப் போட்டு இறுக்குங்கள்.

சிசிஏ-ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கே, அது என்ன?

கோல்ட் கிராங்கிங் ஆம்பியர், அதாவது குளிரில் பேட்டரி எவ்வளவு முட்டித் தள்ளும் என்பதற்கான அளவு. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், 30 விநாடி, வோல்ட் 7.2-க்குக் கீழே விழாமல் எத்தனை ஆம்பியர் தரமுடியும் என்பதே அந்த எண். உறைகிற ஊரில் இல்லாதவர்களுக்கும் இது பயன்படும்: ஒரே ஏஹெச் உள்ள இரண்டு பேட்டரியில் சிசிஏ கூடியது செல்ஃபை வேகமாகச் சுழற்றும். பெரிய சிலிண்டர் வண்டிக்காரர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். கிக்கர் உள்ள சின்ன வண்டிக்கு இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தண்ணி ஊத்தற பேட்டரியா, சீல் பண்ணதா, ஜெல்லா? எது நல்லது?

தண்ணீர் ஊற்றும் வகை விலை குறைவு, ஆனால் கவனிப்பு கேட்கும். மாதம் ஒருமுறை மேல்கோடு கீழ்க்கோட்டுக்கு நடுவில் மட்டம் இருக்கிறதா என்று பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றக் கூடாது. வற்றிப்போவது தண்ணீர்தான், ஆசிட் அங்கேயேதான் இருக்கிறது. பக்கத்திலிருந்து ஒரு குழாய் கீழே தொங்கும், அது அடைபட்டாலோ மடங்கினாலோ ஆசிட் புகை செயின் மேலும் ஃபிரேம் மேலும் படிந்து துருப்பிடிக்க வைக்கும்.

சீல் செய்த வகை பெரும்பாலும் ஏஜிஎம்: ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீர் வேலை இல்லை, நிறுத்தி வைத்தால் மெதுவாகத்தான் இறங்கும், அதிர்வையும் தாங்கும். கடையில் 'ஜெல்' என்று சொல்லித் தருவதும் பல நேரம் ஏஜிஎம்தான். உண்மையான ஜெல் வேறு, அதில் ஆசிட் களிபோல் உறைந்திருக்கும். என் யோசனை: பெட்டிக்குள் அடங்கும் ஏஜிஎம் கிடைத்தால் வேறு யோசிக்க வேண்டாம். மேல்மூடியை மட்டும் 'தண்ணி இருக்கான்னு பாக்கறேன்' என்று நெம்பித் திறந்துவிடாதீர்கள்.

லித்தியம் போட்டா வெயிட் குறையும்ங்கறாங்க. போடலாமா அண்ணா?

எடை நிஜமாகவே மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஈய பேட்டரியை பிரான்சின் காஸ்டன் பிளான்டே 1859-ல் கண்டுபிடித்தார்; அந்தக் கனத்தை இன்றும் சீட்டுக்கு அடியில் சுமந்துகொண்டிருக்கிறோம். பைக்கில் வரும் லித்தியம் பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3.2 வோல்ட் செல் நான்கு. சும்மா வைத்தால் மாதக்கணக்கில் இறங்காது.

ஆனால் வண்டி தகுதியாக இருக்க வேண்டும். எட்டு மாதக் கேள்வியில் சொன்ன சார்ஜிங் சோதனையில் 14.6-க்குள் நிற்காத வண்டியில் லித்தியம் போடக் கூடாது. சார்ஜரும் லித்தியத்துக்கு என்று இருப்பதே வேண்டும். ஈய பேட்டரியின் 'சல்பேட் நீக்கும்' முறை உள்ள சார்ஜர் இதைக் கெடுத்துவிடும். உறைகுளிரில் முதல் அழுத்தலுக்குச் சோம்பும். ஒரு நிமிடம் ஹெட்லைட்டை எரியவிட்டால் உள்ளே சூடேறி விழித்துக்கொள்ளும்.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, பெட்டியில் '12 ஏஹெச்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் சின்னதாக 'ஈய பேட்டரிக்கு இணை' என்று இருக்கும். செல்ஃப் எடுக்கும் தெம்பு அவ்வளவு உண்டு, ஆனால் எஞ்சினை அணைத்து லைட்டை எரியவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும். இரண்டு, வோல்ட். ஈயத்துக்கு 12.8 என்றால் நிறைவு, லித்தியத்துக்கு 12.8 என்றால் கிட்டத்தட்ட காலி. அது 13.2-க்கு மேல் நிற்க வேண்டும்.

எந்த கம்பெனி நல்லது? பேர் மட்டும் சொல்லுங்க போதும்.

பேர் சொல்ல மாட்டேன். நல்ல கம்பெனியின் இரண்டு வருடப் பழைய சரக்கைவிட, சுமாரான கம்பெனியின் போன மாதச் சரக்கு மேல். ஆசிட் ஊற்றிய பேட்டரி கடை அலமாரியில் இருக்கும்போதும் கிழடாகிக்கொண்டுதான் இருக்கிறது. பேட்டரியிலோ பெட்டியிலோ தயாரித்த மாதம் குறித்திருக்கும். புரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். மீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அளந்து பாருங்கள். ஈய பேட்டரி 12.5-க்குக் கீழே காட்டினால் வேண்டாம்.

உத்தரவாதத்தில் எத்தனை மாதம் வரை புதியதே தருவார்கள், எதற்குப்பின் விலையில் கழிவு மட்டும் தருவார்கள் என்பதைப் பிரித்துக் கேளுங்கள். இரண்டையும் கூட்டித்தான் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வாங்கிய தேதி போட்டு முத்திரை குத்தச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத அட்டை வெறும் காகிதம்.

ஆசிட் தனி பாட்டில்ல வந்துச்சு. நானே ஊத்திக்கலாமா?

கண்ணாடி, கையுறை இருந்தால் ஊற்றலாம். இல்லாவிட்டால் கடையிலேயே ஊற்றச் சொல்லுங்கள். பாட்டிலில் ஆறு வாய் இருக்கும், மேலே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளை உரிக்கவோ குத்தவோ கூடாது. அப்படியே தலைகீழாக்கிப் பேட்டரியின் ஆறு துளையில் அழுத்தினால் உள்ளிருக்கும் முள்ளே தாளைக் கிழித்துக்கொள்ளும். ஆறிலும் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் பாட்டிலின் தலையில் இரண்டு தட்டு தட்டுங்கள். முழுதும் இறங்கும்வரை பாட்டிலை எடுக்காதீர்கள்.

இறங்கியபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும். அப்புறம் சார்ஜ் போட்டு, மூடியை அழுத்தி மூடுங்கள். கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

புது பேட்டரிக்கு எதுக்கு சார்ஜ்? வண்டி ஓட்டுனா தானே ஏறிடும்?

ஆசிட் ஊற்றிய பேட்டரி அப்போது 80 சதவீதம் அளவில்தான் இருக்கும். முதல் சார்ஜை முழுதாகப் போடாமல் ஓட்ட ஆரம்பித்தால் அது பின்னாலும் முழுக் கொள்ளளவுக்கு வருவது கஷ்டம். கடையில் 'அப்படியே மாட்டுங்க, ஒண்ணும் ஆகாது' என்பார்கள். ஒன்றும் ஆகாதுதான், அன்றைக்கு.

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்ற வேண்டும். 4 ஏஹெச் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர். காருக்கான 5 ஆம்பியர் சார்ஜரை இதில் மாட்டினால் கொதித்துவிடும். பைக்குக்கு என்று வரும் சின்ன தானியங்கி சார்ஜர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. இரண்டு வாரம் நிறுத்தும் ஆசாமிக்கும் அதுதான் மருந்து.

மாட்டும்போது எந்த ஒயரை முதல்ல போடணும்?

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம் தெரிந்தால் மறக்காது. வண்டியின் இரும்பு முழுதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் நேர் ஷார்ட். ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொண்டு பழுக்கும். மைனஸ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் இல்லை.

எல்லோரும் திட்டிக்கொண்டே செய்யும் வேலை அந்தச் சதுர நட். டெர்மினல் குழிக்குள் அதை வைத்து மேலிருந்து போல்ட்டை இறக்கினால் நட் கீழே நழுவும், போல்ட் எட்டாது. நட்டுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு மாதிரியான ஸ்பாஞ்சைக் கத்தரித்துத் திணியுங்கள். அது நட்டை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டிட்டேன். 'பட்'னு ஒரு பொறி. இப்ப எதுவுமே எரியல.

உடனே கழற்றுங்கள். மெயின் ஃபியூஸைப் பாருங்கள். அது மட்டும் போயிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதே ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, சரியாக மாட்டி, ஸ்டார்ட் செய்து முன்னால் சொன்ன சார்ஜிங் சோதனையைச் செய்யுங்கள். வோல்ட் ஏறவில்லை என்றால் ரெகுலேட்டரில் உள்ள டயோடு போயிருக்கிறது. புது ஃபியூஸும் உடனே போனால் மேற்கொண்டு ஃபியூஸ் வீணாக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஃபியூஸ் இடத்தில் கம்பியைச் சுற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கிக்கர் இருக்கே, செத்த பேட்டரியோடவே ஓட்டுனா என்ன?

கார்புரேட்டர் போட்ட பழைய வண்டிகளில் பல அப்படி ஓடும். எஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) பெட்ரோல் பம்பும் இசியுவும் பேட்டரியை நம்பியிருக்கின்றன. முழுக்க இறங்கிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் தள்ளினாலும் கிளம்புவது கடினம்.

ஓடினாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். காயிலிலிருந்து ஏறி இறங்கி வரும் வோல்ட்டைத் தாங்கிச் சமன் செய்வதும் பேட்டரியின் வேலை. அது இல்லாவிட்டால் பல்பும் மீட்டரும் இசியுவும் அந்த அடியை வாங்கும்.

ரெண்டு ஃபாக் லைட், பெரிய ஹாரன் போட்டிருக்கேன். அதுக்குத்தான் பெரிய பேட்டரி கேக்கறேன்.

பெரிய பேட்டரி இதைத் தீர்க்காது. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். சுமார் 8 ஆம்பியர். காயில் அவ்வளவு உபரி தரவில்லை என்றால் மிச்சம் பேட்டரியிலிருந்துதான் போகும். பெரிய பேட்டரி போட்டால் இருபது நிமிடத்தில் தீர்வது நாற்பது நிமிடத்தில் தீரும், அவ்வளவே. எல்லாவற்றையும் எரியவிட்டு, ஓட்டும் வேகத்தில் எஞ்சினை வைத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே போனால் லைட்டை எல்இடியாக மாற்றுங்கள். ஹாரன் அடிக்கும்போது மட்டும் இழுப்பதால் அது குற்றவாளி இல்லை. அதற்கு ரிலே மட்டும் போடுங்கள்.

கார்லேர்ந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா?

இரண்டும் 12 வோல்ட், பைக்கில் ஈய பேட்டரி என்றால் செய்யலாம். கார் எஞ்சின் அணைந்திருக்கட்டும். அதன் பேட்டரியே தாராளம். சிவப்பு ஒயர் பைக் பிளஸ், பிறகு கார் பிளஸ். கறுப்பு ஒயர் கார் மைனஸ், மறுமுனை பைக்கின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி முனையில்தான் பொறி வரும். பேட்டரிப் பக்கத்தில் ஹைட்ரஜன் இருக்கலாம். உப்பியோ வெடித்தோ இருக்கும் பேட்டரிக்கு இதைச் செய்யாதீர்கள்.

பழைய பேட்டரிக்கு ஆசிட் மாத்துனா உயிர் வந்துடும்னு ஒருத்தர் சொன்னாரே?

வராது. தகட்டில் கெட்டியாகிப்போன சல்பேட்டும் அடியில் உதிர்ந்து கிடக்கும் மண்டியும் ஆசிட் மாற்றினால் திரும்பாது. ஒரு மாதம் ஆட்டம் காட்டிவிட்டு நடுவழியில் விடும். இறங்கி ஓரிரு நாள்தான் ஆன பேட்டரி என்றால் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் காலியாகக் கிடந்ததைக் கொடுத்துவிடுங்கள். குப்பையில் போடாதீர்கள், ஈயம் விஷம், உருக்கி மறுபடி பயன்படுத்தவும் முடியும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

புது பேட்டரி, சார்ஜிங் 14.2, நிறுத்தி வச்சா கரண்ட் கசிவும் இல்ல. ஆனாலும் காலையில செல்ஃப் இழுவையா சுத்துது. நீங்க சொன்ன எல்லாம் பாத்துட்டேன்.

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு ஒரு குஷி. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், ஒயர் முனையில் அல்ல. இன்னொரு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்தில் வையுங்கள். செல்ஃபை அழுத்துங்கள். 0.2, 0.3 காட்டினால் சரி. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் பேட்டரியின் தெம்பு அந்த வழியிலேயே கசிகிறது. பிளஸ் பக்கத்திலும் இதே மாதிரி, பேட்டரியின் பிளஸிலிருந்து மோட்டாரின் போல்ட் வரை பாருங்கள்; அதிகம் காட்டினால் நடுவில் உள்ள ரிலேயின் உள்முனை தேய்ந்திருக்கலாம்.

கடைசியாக இப்படி வந்த வண்டியில் மைனஸ் பக்கம் 1.4 வோல்ட் காட்டியது. எர்த் ஒயர், அதாவது மைனஸ் ஒயர், ஃபிரேமில் சேரும் போல்ட்டைக் கழற்றினோம். ஃபிரேமுக்குப் புது பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து அடித்திருந்தார்கள். ஒயர் பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தது. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் 0.2. அதற்குள் அவர் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்.